நூம்பல் நிறுத்தத்துக்கு ஒரு மனு

குடியிருப்பின் கீழ்த்தள வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள்: சங்கத் தலைவர் ஜானகிராமன், மேசை விசிறிக்கு நேர் எதிரே. நூம்பலின் பழைய குடும்பத்துக்காரரும் இந்தக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரருமான பாண்டியன், தன் ஸ்கூட்டர் மேல். ஐ.டி. கம்பெனி கிஷோர், தன் புதுக் காரில் சாய்ந்தபடி. வாடகைக்கு இருக்கும் ஹேமாவதி, மாடிப்படியின் கடைசிப் படியில். வாடகைக்காரர்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை, ஓட்டும் இல்லை. செய்யாறு பள்ளியில் பழகிய கையெழுத்து இருந்ததால் மனு எழுத மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள்.

வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தை நெடுஞ்சாலைக்கு மாற்றச் சொல்லித்தான் இன்றைய மனு. அங்கே ஏறித்தான் ஹேமாவதி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தாள். நெடுஞ்சாலைவரை லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே நடந்தாக வேண்டும். நிறுத்தம் போனால் வேலையும் போன மாதிரிதான்.

கிஷோரின் கார், எதிரே ஆள் நின்றால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்துத் தினமும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

"கொஞ்ச வருஷத்துல எல்லாக் காரும் தானே ஓடும் சார். அப்புறம் பஸ் எதுக்கு?" என்றார் கிஷோர்.

"இன்னா தம்பி, இது கேட்டையே தாண்டல," என்றார் பாண்டியன்.

"ஜனங்க நிக்கிறதாலதான்!"

"ஜனமில்லாத ஊரா பாத்து ஊடு வாங்கியிருக்கணும் நீ."

"எழுதும்மா," என்றார் ஜானகிராமன்.

அனுப்புநர், பெறுநர் எழுதிவிட்டு ஹேமாவதி நிமிர்ந்தாள். "முதல்ல குறையைச் சொல்லணும் சார். அப்புறம் காரணம். அப்புறந்தான் கோரிக்கை."

"ஜனங்க ரோட்டுல நிக்கிறாங்க," என்றார் கிஷோர்.

எழுதினாள். "காரணம்?"

"நிக்க வேற இடமில்ல."

அதையும் எழுதினாள். ஜானகிராமன் தாளை வாங்கிப் படித்தார். "இதுக்குக் கீழ நிறுத்தத்தை எடுங்கன்னு எழுதினா நம்மளப் பைத்தியம்னு நினைப்பாங்களே."

கிஷோர் யோசித்தார். "நடைபாதை போட்டா அது மேல நிப்பாங்களா?"

"நிப்போம் சார்," என்றாள் ஹேமாவதி.

"நீங்களும் அங்கதான் நிக்கிறீங்களா?"

"தினமும் உங்க கார் முன்னாடிதான் சார்."

கிஷோர் காரைப் பார்த்தார். "சரி, நடைபாதைன்னு எழுதுங்க."

"கூரையும் போட்டுக்கோம்மா," என்றார் பாண்டியன். "மழை வந்தா ஜனம் உள்ள ஓடியாந்து தம்பி வண்டி மேல சாஞ்சிக்கினு நிக்கும்."

"கூரையும் எழுதுங்க."

"பஸ்ஸு அடிக்கடி வந்தா ஜனம் சீக்கிரம் காலியாவும்."

"அதையும் எழுதுங்க," என்றார் கிஷோர்.

நிறுத்தத்தை மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை. ஹேமாவதி வேறு தாளில் அடித்தல் திருத்தமில்லாமல் எழுதி நீட்டினாள். முதல் கையெழுத்து கிஷோருடையது. பாண்டியன் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே போட்டார்.

மறுநாள் காலை அம்பத்தூரில் இறங்கி, தபால் நிலையத்துப் பசையால் உறையை ஒட்டினாள். ஓரத்தில் பசை விட்டிருந்தது. விரலால் இன்னொரு முறை அழுத்தினாள். பதிவுத் தபாலில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.