சனி ஞாயிறு ஓடாத சுமை

மொன்றியலுக்குப் பக்கத்தில், லொங்குய்யில் ஒரு லொறிக் கம்பனியில் வேலை எனக்கு. எந்தச் சாரதி எங்கே ஓடலாம், எப்போது ஓடக்கூடாது என்று போனில் கத்துகிற தொண்டை என்னுடையது. அந்தச் சனிக்கிழமை என் சொந்தத் தம்பி ஜெராட்டிடமே கத்த வேண்டி வந்தது.

அவன் அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம், பிளாட்ஸ்பேர்க்கில், பால் தொழிற்சாலைக்கான அகலமான இரும்புத் தொட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு நின்றான். அந்தச் சுமைக்குக் கிடைத்த அனுமதியைப் பார்த்தால் விசர் வரும். அமெரிக்கப் பக்கம் சனி மத்தியானம் வரை ஓடலாம். கியூபெக் பக்கம் சனி, ஞாயிறு சக்கரம் உருளவே கூடாது. இரண்டு பக்கத்தாரும் ஒரு மேசையில் இருந்து பேசினால் என்ன குறைந்துவிடும்?

கர்க்லாண்டில் எங்கள் வீட்டில் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தார். கண் திறந்தால், "ஜெராட் வந்திட்டானோ?" இதுதான் கேள்வி. கழுவித் துடைத்து, கஞ்சி பருக்கி, பக்கத்திலேயே கிடந்தவள் நான். என்னை ஒருநாளும் தேடவில்லை. எரிச்சலாக இருந்தது. சாகக் கிடக்கிறவரோடு கோபிக்கிறேனே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல்.

"அக்கா, நான் லொறியோடையே ஓடி வாறன். பிடிச்சால் பிடிக்கட்டும்."

"விசர்க் கதை கதையாதை! எல்லையிலையே மறிச்சுப் போடுவாங்கள். பேந்து லைசென்சும் இல்லை, அம்மாவும் இல்லை."

"அப்ப லொறியை விட்டிட்டு டாக்சியிலை வாறன்."

சுமையைத் தனியே விடக்கூடாது என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். மாற்றுச் சாரதி திங்கள் வரை இல்லை. கெஞ்சிக் கூத்தாடியதில், கம்பனி ஆள் யாராவது உள்ளே இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்.

அம்மா மறுபடியும் அவனைக் கேட்டார். பக்கத்து வீட்டு மாக்கிரட் அன்ரியை அவரோடு இருத்திவிட்டுக் காரை எடுத்தேன்.

பிளாட்ஸ்பேர்க்கில் கார்த் திறப்பை ஜெராட்டின் கையில் திணித்தேன்.

"நீ போ. நான் லொறியிலை இருக்கிறன்."

"நீ இல்லாமல் எப்பிடியக்கா?"

"அவ உன்னைத்தானே கேக்கிறா. போடா!"

அழுதுகொண்டே போனான்.

லொறிக்குள் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கினேன், ஏறினேன். போனை மடியில் வைத்தேன், எடுத்தேன். பெருந்தெருவில் கார்கள் மொன்றியல் பக்கம் பறந்தன. அதுகளுக்கென்ன, சனியுமில்லை ஞாயிறுமில்லை.

ஒருவழியாகப் போன் அடித்தது.

"அக்கா, அம்மா என்னைப் பாத்திட்டா. கையைப் பிடிச்சவ. இப்ப உன்னைக் கேக்கிறா. றொஷினி எங்கை, றொஷினி எங்கையெண்டு ஒரே அதுதான். இழுத்து இழுத்து மூச்சு வாங்குது. நான் உடன லொறிக்கு வாறன், நீ இஞ்சை வா."

"அங்கையே நில்! அவவை விட்டிட்டு அசையாதை. போனை அவவின்ரை காதிலை வை."

அம்மாவின் மூச்சு கேட்டது.

"அம்மா, நான் வந்திட்டன். வாசலிலைதான் நிக்கிறன். சப்பாத்துக் கழட்டிறன், அம்மா."