முல்லைக்காரன் முறை

"வாப்பா, நாளைக்கு நாந்தான் முல்லைக்காரன்" என்றாள் றபீக்கா, சோற்றைப் பிசைந்தபடி.

மீராமுகைதீன் எடுத்த கவளத்தைத் திரும்பவும் தட்டில் வைத்தான். சாகாமத்தில் வயல் சொந்தக்காரரான போடியாருக்கு முல்லைக்காரனாக இருந்து, அவருடைய வயலை விதைத்து, காத்து, வெட்டிக் கொடுத்தே வளைந்த முதுகு அவனுடையது. அந்தப் பெயர் தன்னோடு போகட்டும் என்றுதான் மகளைப் படிக்க விட்டான்.

முதலில் சேர்த்த பள்ளியில் பிரம்புக்குப் பயந்து அவள் ஒளித்துத் திரிந்தாள். எண்பத்தொன்றில், பயிற்சி முடித்து வந்த றாஹிலா டீச்சர் தன் வீட்டு வளவுக் கொட்டிலில் பிள்ளைகளைச் சேர்க்கிறார் என்று கேட்டு அங்கே விட்டான். அடி கிடையாது, பிள்ளைகள் விரும்பிய வேலையைச் செய்தே எழுத்தும் கணக்கும் படிப்பார்கள் என்றார் டீச்சர். பிள்ளை சேறும் சகதியுமாக வந்தாள். கேட்டால், சோளன் நட்டிருக்கிறோம் என்றாள். சம்பளமில்லாமல் ஆள் பிடித்திருக்கிறாள் மனுசி, பெயர்தான் படிப்பு என்று பெண்சாதியிடம் பொருமினான்.

மகள் முல்லைக்காரன் என்று சொன்ன மறுநாள், வயலுக்குப் போகாமல் டீச்சரின் வேலியோரம் நின்றான். உள்ளே பிள்ளைகள் வாய்க்கால் வெட்டினார்கள். டீச்சரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். "டீச்சர், ஒங்கட பக்கம் மேடு. திரும்ப வெட்டுங்க" என்றாள் றபீக்கா. டீச்சர் வெட்டினார்.

அவன் உள்ளே போய், தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார், விளைகிற சோளன் யார் வீட்டுக்கு என்று நேரே கேட்டான்.

"நான் வகுப்பு மொனிட்டர் எண்டுதான் சொன்னன், காக்கா. மொனிட்டர் கோள் சொல்றவன், முல்லைக்காரன்தான் தண்ணி பாய்ச்சத் தெரிஞ்சவன் எண்டு ஒங்கட மகள்தான் மாத்தினா" என்றார் டீச்சர், அண்ணனிடம் பேசுவதுபோல.

"வேல செஞ்ச எல்லாருக்கும் ஒரே பங்கு, வாப்பா" என்றாள் றபீக்கா. "டீச்சருக்கும் அதுதான்."

அவனுக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. போடியார் அளந்து போட்டதை வாய் திறக்காமல் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தவன் அவன். இவள் இப்படிக் கதைத்துப் பழகினால் நாளைக்கு யார் வேலை கொடுப்பான்? வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்தான்.

"தண்ணி பாயுதே வாப்பா. உட்டுட்டு எப்பிடி வாற?"

பாய்கிற தண்ணீரை விட்டுவிட்டு அவனும் ஒருநாளும் கரையேறியதில்லை. கையை விட்டான்.

"இரி. ஆனா எழுத்து வருதா எண்டு நாளைக்கும் வந்து பாப்பன். வராட்டி பழைய பள்ளிதான்."

"வாங்க காக்கா" என்றார் டீச்சர்.

வரப்பில் குந்தினான். பிள்ளைகளுக்கு முன்னே டீச்சரின் மண்வெட்டி ஓய்ந்துவிடுமா என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.