ஒன்ராறியோ ஏரிக்குள் ஒரு மல்வேர்ன் வீடு

மல்வேர்னில் இருந்த கிறிஸ்துநாயகத்தின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஒஷாவாவுக்கு நேரே ஒன்ராறியோ ஏரியின் நடுவில் இருப்பதாக, போனில் வழிகாட்டும் செய்மதி சொல்லத் தொடங்கியது. வீடு அசையவில்லை. ஆனால் செய்மதியை மீறவும் அதற்குத் துணிவில்லை. நிலக்கீழ் அறையில் பாசி பிடித்தது. குளியல் தொட்டியில் மீன்கள் வந்தன. பொரிக்க உதவும் என்று கிறிஸ்துநாயகம் அவற்றை அப்படியே விட்டுவிட்டார்.

அவர் மனைவி பிலோமினாவால்தான் பொறுக்க முடியவில்லை. ஒக்டோபரில் மாதாவின் சிலை, சுருவம், நாளுக்கொரு வீடாகப் போகும். வாடகை அறையில் இருந்த காலமெல்லாம் இடம் போதாதென்று அவர்களைத் தாண்டிப் போன மாதா, சொந்த வீட்டுக்கு இப்போதுதான் முதன்முறை வருகிறார். பிலோமினா கடலை அவித்து வைத்திருந்தாள். முந்தினநாள் சுருவத்தை வைத்திருந்த ஜெனாட் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். அவரும் முகவரியைப் போனில் போட்டுவிட்டுத்தான் காரை எடுத்தார். செபமாலை சொன்னபடி மற்றக் கார்கள் பின்தொடர்ந்தன. வாசலில் நின்று கைகாட்டிய கிறிஸ்துநாயகத்துக்கு எல்லோரும் அன்போடு கைகாட்டிவிட்டுக் கிழக்கே, ஏரிப்பக்கம் போனார்கள்.

பொதுமக்களுக்கான அரசாங்கச் செய்மதி உதவிச் சேவையை அவர் அழைத்தார். நெடுநேரம் சங்கீதம் கேட்டபின் நிலாணி என்ற அலுவலர் தமிழிலேயே பேசினாள்.

“செய்மதியில பிழையில்லை அங்கிள். நீங்கள்தான் வீட்டுக்கு வெளியில நிக்கிறியள்.”

“நான் வீட்டு ஹோலுக்குள்ள நிக்கிறன், பிள்ளை.”

“உங்கட ஹோல் ஏரிக்குள்ள. வீட்டில நிண்டுதான் முறைப்பாடு குடுக்கலாம். அங்க போய் நிண்டு போன் எடுங்கோ.”

சனம் ஏரிக்குள் மூழ்கித் தாண்டுபோனால் என்ன செய்வதென்று கேட்டார். அப்படித் தாண்டுபோன எவரும் இதுவரை முறையிட்டதில்லை என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

பிலோமினா கடலைச் சட்டியைத் தூக்கினாள். “வெளிக்கிடுங்கோ. மாதா வந்து நிக்கேக்க வீட்டுக்காரர் இல்லாட்டி என்ன மரியாதை?”

ஏரியின் நடுவே, தண்ணீர்மேல், கார்கள் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தன. வாசல் இருக்கவேண்டிய இடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே முழந்தாளில் இருந்தார்கள். இருவரும் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள்.

“எங்க அண்ணை போனனீங்கள்?” என்றார் ஜெனாட் கோபமாக. “வீட்டில ஒருதரும் இல்லை.”

கிறிஸ்துநாயகம் அங்கே நின்று மறுபடி அழைத்தார். இப்போது அவர் சரியான இடத்தில் நிற்பதாகச் சொல்லி நிலாணி முறைப்பாட்டை முடித்துவைத்தாள். கடலை எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

அடுத்த வருடமும் மாதா அங்கேதான் வந்தார். செருப்புகள் மிதந்து போகாதிருக்க, பிலோமினா வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தாள்.