இடது சட்டைக்கை

நாலரை மணி. வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, தையல்காரர் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார். எல்லாமே குழந்தைகளுக்கான நாற்காலிகள். முழங்கால் அவர் மோவாயை இடித்தது.

"எப்போலேருந்து திக்குது?"

"நாலஞ்சு மாசமா," என்றாள் மனைவி. "அதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா மூட மாட்டா மேடம். கடைக்கு வர்றவங்க ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. இப்போ, என்னம்மா, ரேடியோ ரிப்பேரான்னு கேக்குறாங்க."

"எதுக்காவது பயந்தாளா?"

"அப்படி ஒண்ணுமில்ல," என்று முந்திக்கொண்டார் தையல்காரர்.

மனைவி குனிந்து தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"இடது கைப் பழக்கம் உண்டா?"

"இல்ல மேடம். வலதுதான்," என்றார் தையல்காரர்.

இன்றைய நிலவரப்படி பொய்யில்லை.

கடையில் ஒருநாள் மகள் பெரிய கத்தரியை இடது கையில் எடுத்து ஒட்டுத்துணியை வெட்டினாள். வலது கைக்கென்று செய்த கத்தரி. துணி எலி கடித்ததுபோல் வந்தது. "டெய்லர் பொண்ணு கத்தரி பிடிக்கிற லட்சணத்தப் பாரு!" என்று துணி கொடுக்க வந்தவர் சிரித்தார். தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. அன்றே அவளுடைய முழுக்கைச் சட்டைகளை எல்லாம் எடுத்து, இடது சட்டைக்கையின் முனையைத் தைத்து மூடினார். உறுத்தாமல் உள்பக்கம் மடித்து, நூல் வெளியே தெரியாமல். வேலை சுத்தமாக வந்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பாவங்க, விட்டுடுங்க" என்ற மனைவியை, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அடக்கினார்.

வலது கை படிந்தது. பேச்சு திக்க ஆரம்பித்தது. பயந்துபோய், எல்லாத் தையலையும் உட்கார்ந்து பிரித்தார். திக்கல் போகவில்லை.

டாக்டரம்மா காகிதத்தையும் கலர் பென்சிலையும் நகர்த்தி வைத்தார். மகள் வலது கையால் வீடு வரைந்தாள். இடது கை சட்டைக்குள்ளேயே இருந்தது. திறந்திருந்த முனையை உள்ளிருந்து கொத்தாகப் பிடித்து மூடியிருந்தாள்.

"கைய ஏம்மா உள்ள வச்சிருக்க? குளிருதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டரம்மா சட்டைக்கையைப் பார்த்தார். பிறகு தையல்காரரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கைய மாத்துனதாலதான் திக்குதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஆனா நடந்தது தெரிஞ்சாத்தான் எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்."

தையல்காரருக்குக் காது சுட்டது. சொல்லத்தான் நினைத்தார். மனைவி ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ச... ச... சட்டையத் தச்சு மூடுனத நீங்க சொல்றீங்களா, நா... நான் சொல்லவா?"