நேரான வெட்டு

வக்கீல்களின் சட்டப் புத்தகங்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக அட்டை கட்டுவதால், சட்டமும் தனக்கு அத்துப்படி என்பது பைண்டரின் நினைப்பு. அகப்பைக்குச் சாப்பாட்டு ருசி தெரிந்த கதைதான் என்று அவர் மனைவி வாய்விட்டே சொல்வாள்.

கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடக்காரர் போட்ட வழக்கில் பைண்டர் தோற்றார். அந்தக் கடை போனால் பிழைப்பும் போயிற்று. அரை டன் வெட்டு மிஷினை வீட்டு அடுக்களையிலா நிறுத்த முடியும்?

"இப்பவாவது ஒரு வக்கீலைப் பாருங்களேன்" என்றாள்.

"அவங்க படிக்கிற புக்கே என் கையில பிரிஞ்சு கெடந்ததுதான். நானே பேசிக்கிறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தோற்ற கோர்ட்டுக் கட்டடத்தின் படியை இனி மிதிப்பதில்லை என்று சபதம் வேறு. அப்பீல் என்றால் இருப்பதிலேயே பெரிய கோர்ட்டுக்குத்தான் போவாராம்.

மூன்று வாரம் அப்பீலைத் தயார் செய்தார். எழுதியது இரண்டு நாள், மிச்சமெல்லாம் பைண்டிங். சிவப்புத் துணி அட்டை, தங்க எழுத்தில் தன் பெயர். தீர்ப்பு நகலையும் சேர்த்துத் தைத்து, ஓரங்களை மிஷினில் கொடுத்து வெட்டினார். விழுந்த காகிதக் கீற்றுகளை மளிகைச் சீட்டு எழுத அவள் வழக்கம்போல் பொறுக்கிக்கொண்டாள்.

ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். தனியே விட்டால் நீதிபதிக்கே பைண்டிங் வகுப்பு எடுப்பார் என்று அவளும் கூடப் போனாள். வரிசையில் நின்று கவுண்டரை நெருங்கும்போது மணி மூன்று.

கவுண்டரில் இருந்த அம்மாள் புத்தகத்தைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்கு. ஆனா கடை வழக்கு அப்பீல் இங்க வராதுங்க."

"இதுதானே பெரிய கோர்ட்டு?"

"பெரிசுதான். அதுக்காக எல்லாம் இங்கயா வரும்? எங்க போகணும், எத்தனை நாளுக்குள்ளன்னு தீர்ப்போட கடைசிப் பக்கத்துல, அடியில முத்திரை குத்தியிருப்பாங்களே." புரட்டினாள். கடைசி வரிக்குக் கீழே பக்கமே இல்லை. "அடி எங்கங்க?"

"கோணலா இருந்துச்சு. வெட்டிட்டேன்" என்றார் பைண்டர்.

மூளையையும் சேர்த்து வெட்டியிருக்கலாம் என்று மனைவிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கைப்பையைத் துழாவினாள். சோப்பு, தீப்பெட்டி, சர்க்கரை என்று அவள் கையெழுத்தில் இருந்த கீற்று அகப்பட்டது. திருப்பினாள். ஊதா முத்திரை. பத்து நாளாகப் பையிலேயே இருந்திருக்கிறது.

கவுண்டர் அம்மாள் வாங்கிப் படித்தாள். "நீங்க தோத்த அதே கோர்ட்டுக் கட்டடம், ரெண்டாவது மாடி. முப்பது நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூட ஏத்துக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கு." தீர்ப்புத் தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினாள். "இன்னைக்கு முப்பதாவது நாள். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

பைண்டர் கீற்றை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"வெட்டு நேரா விழுந்திருக்கு பாத்தியா" என்றார்.

மனைவி கீற்றை வாங்கி மடித்து, திரும்பவும் பையில் வைத்துக்கொண்டாள்.