அக்காவின் சாதா தட்டு

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்கிறவர்கள் தங்கள் தலையில் கை வைத்துச் செய்வார்கள். என் தலைக்கு இந்த வயதில் அவ்வளவு மதிப்பில்லை. ஆகவே காலமாகிவிட்ட என் கூடப்பிறந்த அக்காவின் மீது ஆணையாகச் சொல்கிறேன். விஷயமும் அவளைப் பற்றியதுதான். அவள் விட்டுச்சென்ற ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பற்றியது.

டிஸ்க் கால்ஃப் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் பதினெட்டு இடங்களில் கம்பம் நட்டிருப்பார்கள். கம்பத்தின் இடுப்பில் ஓர் இரும்புக் கூடை, அதற்கு மேலே குஞ்சம்போலத் தொங்கும் சங்கிலிகள். தூரத்தில் நின்று தட்டை வீச வேண்டும்; விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ எத்தனை வீச்சு ஆனதோ அதை ஓர் அட்டையில் எழுதிக்கொள்வார்கள். தட்டின் அடிப்பக்கம் அவரவர் போன் நம்பரும் எழுதியிருக்கும். தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிடுவார்.

அக்காவும் அத்தானும் முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தினார்கள். சண்டை ஒன்றே ஒன்றுதான். அத்தான் வளைந்து கொடுக்கும் சாஃப்ட் பிளாஸ்டிக்கின் கட்சி. அக்கா கடைசிவரை விறைப்பான சாதா பிளாஸ்டிக்.

"சாஃப்டா இருந்தா சங்கிலியைக் கட்டிப் பிடிச்சுக்கும். உன்னோடது மோதின வேகத்துல திரும்பி வந்து உன் கால்லயே விழும்" என்பார் அத்தான்.

"என்னோடது நேரா போகுது. உங்களோடது போற வழியில நாலு பேரை நலம் விசாரிச்சுட்டுப் போகுது" என்பாள் அக்கா.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு கோடையில் அத்தான் தன் தட்டைக் காருக்குள் வைத்துவிட்டு வந்தார். மதியம் எடுத்து வீசியபோது அது ஒரு மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு விட மறுத்தது. நானும் அவருமாக அரை மணி நேரம் நல்ல வார்த்தை சொல்லிப் பிரித்தெடுத்தோம். அதே ஆண்டு குளிர்காலத்தில் அக்காவின் தட்டு கம்பத்தில் மோதிய சத்தத்தில் பூங்காவை ஒட்டிய தீயணைப்பு நிலையத்தின் கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு வந்தவர், "பெரிய வண்டி எடுக்கவா, சின்னது போதுமா?" என்று கேட்டார். நான் கூட்டிச் சொல்லவில்லை.

பதினெட்டாவது கூடை குளத்துக்கு அக்கரையில், தண்ணீரின் விளிம்பில் நிற்கிறது. இக்கரையிலிருந்து வீச வேண்டும். சங்கிலியில் பட்டுத் தெறித்தால் தண்ணீர். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா பதினேழு கூடையை முடித்துவிட்டு, மூச்சு வாங்குகிறதென்று அங்கே பெஞ்சில் உட்கார்ந்தாள். அட்டையை அத்தான் கையில் கொடுத்து, "ஒண்ணு பாக்கி இருக்கு, தொலைச்சுடாதீங்க" என்றாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அத்தான் அட்டையைத் தொலைக்கவில்லை. ஐந்து மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தார். பதினேழு எண்கள், கடைசிக் கட்டம் காலி. அதை அவளுடைய தட்டாலேயே முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். பயமும் அதிலேயே இருந்தது. அந்த நீலத் தட்டின் அடியில் அவள் கையால் எழுதிய பத்து எண்கள் இருந்தன. அவள் கையெழுத்தென்று வீட்டில் மிச்சம் அதுவும் அட்டையும்தான். தட்டு குளத்தில் விழுந்தால் மூழ்கிவிடும்.

தட்டு விற்கிற கடைக்காரரிடம் போனோம். எதைக் கையில் எடுத்தாலும் வளைத்துக் காட்டுவதால் அவருக்கு ரப்பர் என்று பெயர்.

"இந்தச் சாஃப்ட்டை எடுத்துட்டுப் போங்க, அண்ணே. சங்கிலி விடாது. அந்தச் சாதா தெறிக்கும், நான் எழுதித் தரேன்" என்றார் ரப்பர்.

"அவ ஆட்டத்தை என் தட்டால முடிச்சா, அவ ஏத்துக்குவாளா?" என்றார் அத்தான்.

ரப்பர் கையிலிருந்த சாஃப்ட் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு, "அப்ப அதையே கொஞ்சம் இளக்கிப் பாருங்க. சூடு பட்டா எந்தப் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் மனசு மாறும்" என்றார்.

வெந்நீரில் போட்டால் மை போய்விடும். அதனால் அத்தான் தட்டைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மூன்று நாள் அப்படியே சாப்பிட்டார், தூங்கினார், பஸ்ஸில் போனார். ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர், "எத்தனை மாசம்?" என்று கேட்டார். அத்தான் சிரிக்காமல், "அஞ்சு" என்றார். எனக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

நாலாம் நாள் விடிந்ததும் குளக்கரைக்குப் போனோம். பனி இருந்தது. அத்தான் சட்டைக்குள்ளிருந்து தட்டை எடுத்தார். அதில் லேசாக அவர் தொப்பையின் வளைவு வந்திருந்தது. வீசினார்.

தட்டு தண்ணீரின் மேல் நேராகப் போனது. அக்கா சொன்னபடிதான், யாரையும் விசாரிக்கவில்லை. சங்கிலியில் மோதியது. தெறிக்கவில்லை. இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, உள்ளேயும் விழாமல் வெளியேயும் விழாமல் நின்றது. நாங்கள் இக்கரையில் நின்றோம். முக்கால் மணி நேரம் ஆனது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அக்கரைக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னதற்கு, "அசையாத, மச்சான். யோசிக்குது" என்றார் அத்தான்.

பனி விலகி வெயில் வந்தது. தட்டில் ஏறியிருந்த வயிற்றுச் சூடு அதற்குள் ஆறிப்போயிருக்கும். அது மறுபடியும் சாதாவாக விறைத்துக்கொண்டதுபோல ஒரு முறை நடுங்கி, சங்கிலியிலிருந்து நழுவி, கூடையின் விளிம்பில் உட்கார்ந்து, உருண்டு, தண்ணீருக்குள் போனது.

அத்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். அட்டையை எடுத்தார், எதுவும் எழுதாமல் பையில் வைத்தார். வீடு வரும்வரை இவ்வளவுதான் சொன்னார்.

"இளக்கியிருக்கக் கூடாது. அவளை அவ மாதிரியே விட்டிருக்கணும்."

பதினோரு நாள் கழித்து நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அலமாரியில் அக்காவின் போன் அடித்தது. அவள் போன பிறகும் அத்தான் அதைத் தினமும் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஐந்து மாதமாக அடிக்காத போன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, குளத்துல முங்கித் தட்டு எடுக்கற ஆளு பேசறேன். நீலத் தட்டு ஒண்ணு, உங்க நம்பர் எழுதியிருக்கு."

"அவங்க இல்ல. நான் அவங்க வீட்டுக்காரர்" என்றார் அத்தான்.

"அடியில நாப்பது தட்டு கிடக்குதுங்க. சாஃப்ட் எல்லாம் சேத்துல குப்புறப் படுத்துடுச்சு. உங்க வீட்டம்மா தட்டு மட்டும் தன் விளிம்புல நேரா நின்னுட்டு இருந்துச்சு, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. வந்து வாங்கிக்கறீங்களா?"

அத்தான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தம்பி, பக்கத்துல கூடை இருக்குதில்ல?"

"இருக்குது."

"அதுல போட்டுடுங்க. மெதுவா இல்ல, சத்தம் வர்ற மாதிரி போடுங்க."

ஸ்பீக்கரில் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு கூடையில் தட்டு விழுந்த சத்தம்.

நான் விதி தெரிந்தவன். "அத்தான், அடுத்தவங்க கை போட்டது செல்லாது" என்றேன்.

"அவளும்தான் என் கையால வீசினா. யாரு கேக்கப் போறாங்க?" என்றார். அட்டையை எடுத்தார். வீச்சு ஒன்று, தண்ணீரில் விழுந்ததற்குத் தண்டனை ஒன்று, கூடையில் போட்டது ஒன்று. கடைசிக் கட்டத்தில் மூன்று என்று எழுதினார். அக்கா பதினெட்டாவதில் மூன்றுக்குக் கீழே எடுத்ததே இல்லை.

அப்புறம் அணைத்துவிட்ட அந்தப் போனைக் காதருகே பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி. சாதாதான்" என்றார். முப்பத்தோரு வருடச் சண்டை அத்தோடு முடிந்தது. அன்றிரவு அவர் போனைச் சார்ஜில் போடவில்லை.

நான் என் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை.