நொச்சிமேட்டுக்கு ஏறிய பாரம்

ஜெயசுதா பொறுப்பேற்க மலைக்கு வந்த அன்றைக்கு வேலை நின்றுபோய் இருந்தது.

கல்வராயன் மலையில் நொச்சிமேடு என்கிற ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகிற வேலை. கம்பங்கள் நட்டு, கம்பிகளும் இழுத்தாயிற்று. மிச்சமிருந்தது டிரான்ஸ்பார்மர்தான். அதை ஏற்றிவந்த லாரி, ஐப்பசி மழையில் மண் சரிந்து சாலையை மூடிக்கொண்ட இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஊர்வரை செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நானூறு கிலோ இரும்பையும் எண்ணெயையும் இனி மனிதர்கள்தான் தோளில் சுமந்து ஏற்றவேண்டும். தூக்குவதற்குப் போதிய ஆட்கள் இல்லை. முந்தைய சூப்பர்வைசரும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தார்.

ஜெயசுதா மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு, ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர்களுக்கு உதவியாளராக இருந்தாள். தனிப் பொறுப்பு இதுதான் முதல்.

வேலை நின்றது இப்படித்தான். லாரியிலிருந்து டிரான்ஸ்பார்மரை இறக்கும்போது, மலை ஆட்கள் பிடித்திருந்த பின்கயிறு ஒரு நொடி தளர்ந்தது. பாரம் ஆடியது. மேஸ்திரி தங்கதுரை, திருக்கோவிலூர்க்காரர், இருபது வருஷமாகக் கம்பம் நட்டவர், கயிற்றின் முனையில் நின்ற செல்லனைப் பார்த்து, "ஆடு மேய்க்கத்தான் லாயக்கு நீங்கெல்லாம்! எவன் உங்கள வேலைக்கு கூப்டான்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னார். செல்லன் பாரம் தரையில் பத்திரமாக உட்காரும்வரை கயிற்றைப் பிடித்திருந்தார். பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மேலே நடந்தார். நொச்சிமேட்டு ஆட்கள் இருபது பேரும் அவர் பின்னால் போனார்கள்.

கம்பெனி மேலாளர் வெங்கடேசன் கள்ளக்குறிச்சியிலிருந்து போன் செய்தார். "இன்னொரு புயல் வருதாம்மா. உளுந்தூர்பேட்டைலேர்ந்து லோடு ஏத்தற ஆளுங்கள அனுப்பறேன். இவங்ககிட்ட கெஞ்சிக்கினு இருக்காதே."

"ஒரு நாள் குடுங்க சார்," என்றாள் ஜெயசுதா. "அந்தப் பாதை வெளிலேர்ந்து வர்றவங்களுக்குத் தெரியாது. வழுக்குச்சுன்னா யாருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

போனை வைத்தாள். ஒரு நாளில் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது.

முதலில் தங்கதுரையைத் தேடிப்போனாள். அவர் லாரிக்குப் பின்னால் தனியாக நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், நீங்களும் திட்டத்தான் வந்தீங்களா?"

"இல்லண்ணா. இன்னா நடந்துச்சுன்னு உங்க வாயால கேக்கலாம்னு வந்தேன்."

அவர் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. "கயிறு தளந்தா இன்னா ஆவும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பண்ருட்டி பக்கம் கம்பம் தூக்கிக்கினு இருந்தோம். பின்கயிறு லேசாதான் தளந்துச்சு, கம்பம் ஒருத்தன் மேல சாஞ்சுடுச்சு. காலைல என்னோட ஒரே எலைல இட்லி துன்னவன் மேடம். அப்டியே பூட்டான். அன்னைலேர்ந்து கயிறு ஆடினா எனக்கு ஒடம்பு நடுங்குது. வாய் தானா கத்துது."

ஜெயசுதா அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கண்டிப்பதற்கென்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் இப்போது உதவவில்லை.

"இத அவங்ககிட்ட சொன்னீங்களாண்ணா?"

"மேஸ்திரி பயந்தாங்கொள்ளின்னு நானே சொல்லிக்கவா?"

"அவங்க காதுல வுழுந்தது உங்க கோவம் மட்டுந்தான். பயம் வுழல. அது வுழுந்திருந்தா கயித்த இன்னும் இறுக்கிப் புடிச்சிருப்பாங்க."

தங்கதுரை சுற்றிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

மதியத்துக்குமேல் ஜெயசுதா நொச்சிமேட்டுக்கு ஏறினாள். வெறுங்கையோடு ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. செல்லன் சாமைக் கொல்லையில் இருந்தார். கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கிற மகள் கவியாவும் கூட இருந்தாள். தகப்பனார் திட்டு வாங்கியபோது அவளும் அங்கே நின்றிருந்தாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"கஷ்டமான வேலைன்னு நாங்க வரலங்க," என்றார் செல்லன். "கயிறு தளந்தது எங்க தப்புதான். அத சொன்னா தலகுனிஞ்சு கேட்டுக்குவோம். ஆடு மேய்க்கறத ஏன் இழுக்கணும்? எம்பொண்ணு நிக்கிறா."

"அவரை உங்ககிட்ட வரச் சொல்லட்டுமாண்ணா?"

"தனியா வந்து ஆவப்போறது ஒண்ணுமில்லங்க. ஊரு எதிர்ல கொட்டன வார்த்தைய ஊரு எதிர்லதான் அள்ளணும்."

"மன்னிப்பு கேக்க வெக்கிறேன்" என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் நாளைக்கே இருபது பேரும் வந்துவிடுவார்கள். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்குகிற மன்னிப்பு பாதி வழியில் கயிற்றைவிட மோசமாக அறுந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அவர் வாயில இன்னா வரும்னு நான் வாக்கு குடுக்க முடியாதுண்ணா," என்றாள். "ஆனா நாளைக்குக் காலைல, பாரத்துல யாரும் கை வெக்கறதுக்கு முன்னாடி, எல்லாரும் உக்காந்து பேசறோம். வந்து கேளுங்க. மனசுக்கு ஒப்பலன்னா திரும்பிடுங்க. ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

செல்லன் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கவியாதான் பாதை திரும்புகிற இடம்வரை கூடவே வந்தாள். "மேடம், அன்னைக்கு ஏழெட்டு பேரு ஒரே நேரத்துல கத்தனாங்க," என்றாள். "இழுன்னு ஒருத்தரு, விடுன்னு ஒருத்தரு. எங்கப்பா எதக் கேப்பாரு?"

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். செல்லனும் கவியாவும் முன்னால் வர, ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் பாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் தங்கதுரையின் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் டிரான்ஸ்பார்மர், அடியில் சவுக்குக் கழிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, பெரிய பாடை மாதிரி இருந்தது.

"இன்னைக்கு வேலையப் பத்தி மேஸ்திரி சொல்லுவாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயசுதா ஒதுங்கி நின்றாள்.

தங்கதுரை எழுந்தார். கழிகளைப் பற்றித்தான் ஆரம்பித்தார். யார் எங்கே தோள் கொடுப்பது, முன்வடம் யார், பின்வடம் யார். பின்வடம் என்ற சொல் வந்ததும் பேச்சு நின்றது. பிறகு பண்ருட்டிக் கதையைச் சொன்னார். செத்தவனுடைய பெயரையும் சொன்னார், பிச்சைமுத்து என்று. "எனக்கு பயம்," என்றார் அந்தப் பெரிய உடம்புக்காரர். "கயித்தப் பாத்தா பயம். அத உங்கமேல கோவமாக் காட்டிட்டேன். செல்லண்ணா, நான் வுட்ட வார்த்தை தப்பு. உங்க பொண்ணு எதிர்லயே சொல்றேன், தப்பு."

செல்லன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டினார். போய்ப் பின்வடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஜெயசுதா இரண்டே விஷயம் சொன்னாள். "ஏறும்போது ஒரே குரல்தான். மத்தவங்க யாரும் பேசக் கூடாது, நான் உட்பட. யாரு குரல்?"

"சாமியம்மாக்கா," என்றாள் கவியா. எதிர்மலைச் சரிவில் மேய்கிற ஆட்டை இங்கிருந்தே திருப்பிவிடுகிற குரல் அது என்று மலை ஆட்கள் சிரித்தார்கள். தங்கதுரை தலையாட்டினார்.

"ரெண்டாவது, யாரு 'நில்லு'ன்னு சொன்னாலும் எல்லாரும் நிக்கணும். ஏன் நின்னேன்னு திட்டக் கூடாது. சின்னவங்க, பெரியவங்க, யாரா இருந்தாலும்."

"ஓ...ய், தூக்கு!" என்றாள் சாமியம்மாள்.

பாரம் எழுந்தது. முப்பது பேருடைய மூச்சு ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஓர் அடி. சேறு, வேர், பாறை. அவள் பாதையோரமாக ஏறிக்கொண்டே பார்த்தாள். நேற்றுவரை முகம் பார்க்காதவர்களின் தோள்கள் ஒரே கழியில் நசுங்கிக்கொண்டிருந்தன.

பாதி வழி போயிருக்கும். "நில்லு!" என்று ஒரு குரல். பாரம் நின்றது. அதற்கு அடியில் முட்டுக்கட்டைகள் கொடுத்தார்கள். சொன்னவன் அஜித், தங்கதுரையின் ஆட்களிலேயே கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன். கயிறு சரியாக இருந்தது. கழி சரியாக இருந்தது. அவன் முகம்தான் வெளுத்திருந்தது.

"கால் நடுங்குதுண்ணா," என்றான். "அவ்ளோதான்."

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். ஜெயசுதாவும் பார்த்தாள். அவள் சொன்ன விதி உயிரோடிருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருந்தது. தங்கதுரையின் தாடை இறுகியது. அவர் இறங்கி வந்தார். அஜித்தின் தோளிலிருந்த சும்மாட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொன்னியே, அது போதும்," என்றார். "போய் தண்ணி குடிச்சிட்டு முன்வடம் புடி."

அதற்கப்புறம்தான் மேகம் இறங்கியது.

மலையில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் மேலே மரங்கள் காணாமல் போயின, பிறகு பாதை, பிறகு மனிதர்கள். ஜெயசுதா கையை நீட்டினாள், விரல்கள் தெரியவில்லை. நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தாள். இந்தச் சரிவில் நின்றால் தோள்கள் தாங்காது. வாயைத் திறந்தவள், "நான் உட்பட" என்று தானே சொன்னதை எண்ணி மூடிக்கொண்டாள்.

வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஓ...ய், அடி." அதற்குப் பதிலாக மூச்சு. இரும்பு கழியில் உரசுகிற கிரீச். மறுபடியும் குரல். யார் சமவெளி, யார் மலை, யார் மேஸ்திரி என்று ஒன்றும் தெரியவில்லை. மலையே மூச்சு விடுவதுபோல இருந்தது. அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது நிற்பதைப் போல நின்று நின்று ஏறினாள்.

ஏற ஏற அந்த மூச்சு பெரிதாகிக்கொண்டே வந்தது. களைக்கக் களைக்க எப்படிப் பெரிதாகும்? பாரம் மெதுவாகவும் போகவில்லை, வேகம் கூடியிருந்தது. காது ஏமாற்றுகிறது என்று நினைத்தாள்.

சரிவு முடிந்து பாதை சமதளமானது காலுக்குத் தெரிந்தது. "ஓ...ய், வையி!" என்றாள் சாமியம்மாள். நானூறு கிலோ, முட்டையை வைப்பதுபோலத் தரையைத் தொட்டது.

காற்று ஒரு சுழற்று சுழற்றி மேகத்தை நகர்த்தியது. ஜெயசுதா பார்த்தாள். முன்வடத்தில் வரிசை முடியவே இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையல் அம்மாள் இருந்தாள், இடுப்பில் ஈரச்சேலையோடு இரண்டு பெண்கள், கோவில் பூசாரி, நரைத்த தலைகள், ஏர் ஓட்டிய சேறு காயாத கால்கள். நொச்சிமேடு முழுக்கக் கீழே இறங்கி வந்து மேகத்துக்குள்ளேயே வடத்தைப் பிடித்திருந்தது. எண்பது பேராவது இருப்பார்கள். யார் எப்போது சேர்ந்தார்கள் என்று தோள் கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. தங்கதுரை தனக்கு அடுத்த தோளில் நின்ற, முன்பின் பார்த்திராத கிழவரையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள யாரு வரச் சொன்னது?" என்று ஜெயசுதா ஈரச்சேலைக்காரியிடம் கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கூவல் கேட்டுச்சு, வந்தோம்," என்றாள்.

செல்லன் வடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தார். உள்ளங்கைகள் சிவந்து தோலுரிந்திருந்தன. தங்கதுரை தன் தோள்துண்டைக் கிழித்து அவர் கையில் சுற்றினார்.

புயல் வருவதற்குள் டிரான்ஸ்பார்மர் மேடையில் ஏறியது. அடுத்த வாரமே நொச்சிமேட்டில் விளக்கு எரிந்தது. ஜெயசுதா அதற்கப்புறம் எத்தனையோ சைட்டுகளுக்குப் போனாள். எந்த ஊரிலும் வேலை தொடங்குமுன் ஆட்களை உட்காரவைத்துப் பேசவிட்டாள், 'நில்லு' சொன்னவரை யாரும் திட்டாமல் பார்த்துக்கொண்டாள். அதெல்லாம் அவள் கையில் இருந்தது. அந்த மேகத்துக்குள் வந்து சேர்ந்த கைகளை மட்டும், தானே வரவழைத்ததாக அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "கூவல் கேட்டுச்சு, வந்தாங்க," என்பாள்.